லேபிளில் சேர்வதா, தானே வெளியிடுவதா: சதவீதத்துக்கு அப்பால் ஓர் ஒப்பீடு

பாடல்கள் பதிவாகி, மிக்சிங்கும் மாஸ்டரிங்கும் முடிந்து, கோப்புகள் கணினியில் தயாராக இருக்கும் நிலையில் ஓர் இசைக் கலைஞர் எடுக்க வேண்டிய முதல் வணிக முடிவு, அவற்றை யார் வழியாக வெளியிடுவது என்பதுதான். பெரிய லேபிள் எனப்படும் பன்னாட்டு இசை வெளியீட்டுக் குழுமம், அவற்றைச் சாராத சுயேச்சை லேபிள், பாடல்களை ஸ்ட்ரீமிங் தளங்களுக்கு அனுப்பித் தரும் விநியோகச் சேவை வழியாகச் சொந்த வெளியீடு, இவற்றுக்கு நடுவே அண்மைக் காலத்தில் வளர்ந்துள்ள ‘லேபிள் சேவை’ ஒப்பந்தம் என்று நான்கு வழிகள் இன்று இருக்கின்றன. இவற்றை ஒப்பிடுகிறவர்கள் முதலில் பார்ப்பது பெரும்பாலும் சதவீதத்தைத்தான். ஓரிடத்தில் 20, இன்னோரிடத்தில் 50, மற்றோரிடத்தில் 85 அல்லது 100 என்று எண்கள் வரிசையாக நிற்கும்போது ஒப்பீடு அங்கேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் அந்தச் சதவீதம் எதன் மீது, எந்தெந்தச் செலவைக் கழித்த பிறகு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று தெரியாமல் முடிவெடுப்பது, வட்டியை மட்டும் கேட்டுவிட்டுத் தவணைக் காலத்தைக் கேட்காமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவதற்குச் சமம்.

லேபிள் என்பது அடிப்படையில் என்ன செய்தது என்பதைப் பார்த்தால் ஒப்பீடு எளிதாகும். இசைத்தட்டுக் காலத்தில் பதிவு செய்ய ஸ்டுடியோ வேண்டும், தட்டு அச்சிட ஆலை வேண்டும், கடைகளுக்கு அனுப்ப வண்டியும் கிடங்கும் வேண்டும், வானொலியில் ஒலிக்கச் செய்ய ஆட்கள் வேண்டும். இவை அனைத்துக்கும் முன்கூட்டியே பணம் வேண்டும். இந்த ஐந்தையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்ததால்தான் லேபிளால் ஒலிப்பதிவின் உரிமையையே விலையாகக் கேட்க முடிந்தது. இன்று ஆலையும் வண்டியும் பெரும்பாலோருக்குத் தேவையில்லை. நல்ல பதிவை வீட்டு அறையிலேயே செய்ய முடிகிறது. மிஞ்சியிருப்பவை பணம், விளம்பர ஆற்றல், பேரம் பேசும் பலம் ஆகிய மூன்றுதான். ஐந்து வேலைகளுக்காக நிர்ணயிக்கப்பட்ட விலையை, எஞ்சிய மூன்றுக்காக இன்னும் கொடுக்க வேண்டுமா என்பதே இந்த முடிவின் உண்மையான உள்ளடக்கம்.

விலை என்று சொன்னது எதை என்பதில் ஒரு தெளிவு வேண்டும். ஒரு பாடலில் சட்டம் இரண்டு தனித்தனிச் சொத்துகளைக் காண்கிறது. மெட்டும் வரிகளும் சேர்ந்த படைப்பு ஒன்று. அதைப் பாடியும் வாசித்தும் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. இரண்டாவதைத்தான் துறையில் ‘மாஸ்டர்’ என்கிறார்கள். எந்த ஆல்பத்தின் விவரப் பக்கத்தையும் கடைசி வரை இறக்கிப் பார்த்தால், வட்டத்துக்குள் ‘பி’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் ஆண்டும் ஒரு பெயரும் இருக்கும். அந்தப் பெயருக்கு உரியவரே பெரும்பாலும் ஒலிப்பதிவின் உரிமையாளர். ரெக்கார்டு லேபிள் கேட்பது வழக்கமாக இந்த ஒலிப்பதிவைத்தான். மெட்டுக்கும் வரிகளுக்குமான உரிமை இசைப் பதிப்பாளர்கள், ராயல்டி வசூல் சங்கங்கள் என்ற வேறு வழியில் செல்கிறது. ஒரே குழுமத்தின் இரண்டு கிளைகள் இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது, இவை வேறு வேறு பேரங்கள் என்பதைக் கலைஞர் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

இந்த வேறுபாடு ஏட்டளவிலானது அல்ல என்பதற்கு அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டின் கதையே போதும். அவருடைய முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர்கள், அவற்றை வெளியிட்ட லேபிளோடு சேர்ந்து 2019-இல் கைமாறின. 2020-இல் மீண்டும் விற்கப்பட்டன. இரண்டு முறையும் அவரால் அதைத் தடுக்க முடியவில்லை. ஆனால் பாடல்களை எழுதியவர்களில் அவரும் ஒருவர் என்பதால், படைப்புரிமை அவர் பக்கம் இருந்தது. அதைக் கொண்டு 2021 முதல் பழைய ஆல்பங்களைப் புதிதாகப் பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். பழைய மாஸ்டர்களை 2025-இல் அவரே விலைக்கு வாங்கினார். அவருடைய வெற்றியைப் பார்த்துப் பலரும் தெம்படைந்தார்கள். லேபிள்களின் வழக்கறிஞர்கள் வேறொரு பாடம் கற்றார்கள். அதன் பிறகு எழுதப்படும் ஒப்பந்தங்களில், ஒரு பாடலை மறுபடி பதிவு செய்யக்கூடாத காலத்தை நீட்டிக் கேட்கும் போக்கு வலுத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுகளுக்கான பாதுகாப்பை 2011-ஆம் ஆண்டு நெறிமுறையால் 50 ஆண்டுகளிலிருந்து 70 ஆண்டுகளாக உயர்த்தியது. எனவே ‘உரிமைக் காலம் முழுவதும்’ என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கையெழுத்திடுபவர் பெரும்பாலும் தம் வாழ்நாளைத் தாண்டிய ஒன்றை எழுதிக் கொடுக்கிறார்.

இப்போது வழிகளுக்கு வருவோம். பெரிய லேபிள்கள் என்றால் யுனிவர்சல், சோனி, வார்னர் ஆகிய மூன்று குழுமங்கள். நான்காவதாக இருந்த இ.எம்.ஐ.-யின் ஒலிப்பதிவுப் பிரிவை 2012-இல் யுனிவர்சல் வாங்கியது. போட்டிச் சட்ட அதிகாரிகளின் நிபந்தனைப்படி அதில் ஒரு பகுதி வார்னருக்குப் போனது. இவற்றின் வழக்கமான ஒப்பந்தத்தில் முன்பணம் உண்டு, ராயல்டி விகிதம் உண்டு, கழித்துக்கொள்ளும் விதி உண்டு. கடைசியில் சொன்னதுதான் பலருக்கும் புரியாமல் போவது. அதனால் ஒரு கற்பனைக் கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்க்கலாம். எந்த நாணயமாக வைத்துக்கொண்டாலும் சரி.

முன்பணம் 6 லட்சம். ஒலிப்பதிவுச் செலவு 4 லட்சம். காணொளிக்கு 4 லட்சம், அதில் பாதி கலைஞர் கணக்கில் எழுதப்படும். விளம்பரத்துக்கு 3 லட்சம், அதை லேபிளே ஏற்கிறது. ஆக லேபிள் செலவிட்டது மொத்தம் 17 லட்சம். கலைஞர் பெயரில் பற்று எழுதப்பட்டது 12 லட்சம். ராயல்டி 20 சதவீதம். பாடல்கள் 40 லட்சம் ஈட்டின என்று கொள்வோம். கலைஞரின் பங்கு 8 லட்சம். அது கைக்கு வராது, 12 லட்சப் பற்றில் கழியும். இன்னும் 4 லட்சம் பாக்கி என்று கணக்குத் தாள் சொல்லும். அதே நேரத்தில் லேபிளின் கணக்கில் 40 லட்சம் வந்து 17 லட்சம் போய் 23 லட்சம் நிற்கும். கலைஞர் கடனாளியாகவும் லேபிள் லாபத்திலும் இருப்பது எவருடைய மோசடியாலும் அல்ல. செலவு முழு வருமானத்திலிருந்து மீளாமல் கலைஞரின் 20 சதவீதப் பங்கிலிருந்து மட்டுமே மீட்கப்படுகிறது என்பதால்தான். பாக்கி தீர வேண்டுமானால் வருமானம் 60 லட்சத்தைத் தொட வேண்டும். ஆல்பம் விற்பனையின் உச்சத்தில் இருந்த 1995-இல் அமெரிக்கப் பாடகியர் குழுவான டி.எல்.சி. திவால் மனு கொடுத்ததைக் கேட்டு உலகம் வியந்தது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு குறைவாகவே இருந்திருக்கும். பல பத்தாண்டுகள் தீராமல் கிடந்த இத்தகைய பழைய பாக்கிகளைப் பொருட்படுத்தாமல், 2000-க்கு முன் ஒப்பந்தமான கலைஞர்களுக்கு ராயல்டி வழங்கப்போவதாக 2021-இல் சோனி அறிவித்தது. மற்ற இரண்டும் 2022-இல் அதே வழியில் வந்தன.

நியாயமாகச் சொன்னால் இந்தக் கணக்குக்கு மறுபக்கமும் உண்டு. பாடல்கள் 5 லட்சம் மட்டுமே ஈட்டியிருந்தால் கலைஞர் முன்பணமான 6 லட்சத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. இழப்பு முழுவதும் லேபிளுக்கு. வெளிவரும் ஆல்பங்களில் பெரும்பாலானவை போட்ட முதலை மீட்பதில்லை என்பது துறையில் எல்லோரும் அறிந்ததே. இன்னும் பாடப்படாத பாடலை அடமானமாக ஏற்று எந்த வங்கியும் கடன் தராது, லேபிள் தருகிறது. அதோடு ஒரே வாரத்தில் இருபது நாடுகளில் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பத்திரிகைக்கும் பாடலைக் கொண்டுசேர்க்கும் ஆள்பலம் இன்றும் இந்த மூன்று குழுமங்களிடம்தான் பெரிய அளவில் இருக்கிறது.

பெரிய லேபிளில் என்னை அதிகம் தயங்கவைப்பது பணக் கணக்கு அல்ல, காலக் கணக்கு. ‘ஓர் ஆல்பம் உறுதி, மேலும் நான்குக்குத் தெரிவுரிமை’ என்று எழுதியிருந்தால், அந்த நான்கையும் கேட்பதா விடுவதா என்று முடிவுசெய்யும் அந்தத் தெரிவுரிமை லேபிளுக்கு மட்டுமே உரியது. கலைஞர் விலக முடியாது, லேபிள் எப்போது வேண்டுமானாலும் கைகழுவலாம். ஒப்பந்தக் காலம் ஆண்டுகளால் அல்லாமல் ஒப்படைக்கும் ஆல்பங்களால் அளக்கப்படுவதால், ‘இது வணிகத்துக்கு ஏற்றதாக இல்லை’ என்று ஓர் ஆல்பம் திருப்பி அனுப்பப்பட்டால் கடிகாரம் நின்றுவிடும். பிரிட்டிஷ் பாடகி ரே, நான்கு ஆல்பங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்ட பிறகும் ஒரு முழு ஆல்பம் வெளியிடத் தமக்கு அனுமதி கிடைக்கவில்லை என்று 2021-இல் வெளிப்படையாகச் சொல்லி லேபிளை விட்டு விலகினார். 2023-இல் தம் முதல் ஆல்பத்தைத் தாமே வெளியிட்டார்; 2024 பிரிட் விருது விழாவில் ஒரே இரவில் ஆறு விருதுகளைப் பெற்றார். இதிலிருந்து லேபிள் கெட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். அவர் எழுதிப் பழகியதும் பெயர் பெற்றதும் அந்த ஆண்டுகளில்தான். ஆனால் வெளியிடாமல் வைத்திருக்கும் அதிகாரம், குறைவாகக் கொடுக்கும் அதிகாரத்தைவிடக் கொடியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

சுயேச்சை லேபிளின் வழக்கமான கணக்கு வேறு விதமானது. செலவுகள் அனைத்தையும் மொத்த வருமானத்திலிருந்து முதலில் கழித்து, மிச்சத்தைப் பாதிப்பாதியாகப் பிரிப்பார்கள். முன்பணம் சிறியதாக இருக்கும் அல்லது இருக்காது. மேற்சொன்ன அதே எண்களில், முன்பணத்தை நீக்கினால் செலவு 11 லட்சம். வருமானம் 40 லட்சம் என்றால் மிச்சம் 29, கலைஞருக்கு 14.5 லட்சம். அதே 5 லட்சம்தான் வந்தது என்றால் கலைஞருக்கு ஒன்றுமில்லை, ஆனால் கைப்பணமும் போகவில்லை. ஆர்க்டிக் மங்கீஸ் குழு 2006-இல் டொமினோ என்ற சுயேச்சை லேபிள் வழியாக வெளியிட்ட முதல் ஆல்பம் பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 3,60,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. பிரிட்டிஷ் பாடகி அடெல் உலகப் பெயர் பெற்றதும் எக்ஸ்.எல். என்ற சுயேச்சை லேபிளில் இருந்தபோதுதான். அமெரிக்காவில் மட்டும் சோனியின் கொலம்பியா அவரை வெளியிட்டது. சிறிய லேபிள் வீட்டைக் கட்டிக்கொடுத்து, கடல் கடக்க மட்டும் பெரிய லேபிளை வாடகைக்கு எடுத்த இந்த ஏற்பாட்டை இன்னும் பலர் பின்பற்றலாம். ஸ்ட்ரீமிங் நிறுவனங்களோடு தனித்தனியாகப் பேரம் பேச இயலாத சுயேச்சை லேபிள்களுக்காக 2008 முதல் மெர்லின் என்ற அமைப்பு கூட்டாகப் பேசிவருகிறது.

இதன் பலவீனம் வெளிப்படையானது. மூன்று பேர் நடத்தும் அலுவலகத்தில் ஒருவர் விலகினாலே உங்கள் ஆல்பத்தின் விளம்பரம் படுத்துவிடும். லேபிளை நடத்துபவரின் ரசனையை நம்பித்தான் அங்கே செல்கிறீர்கள்; அவர் நிறுவனத்தை விற்றுவிட்டால் உங்கள் ஒலிப்பதிவும் அந்தச் சாமான்களில் ஒன்றாகப் போய்ச் சேரும். ஸ்விஃப்டுக்கு நேர்ந்ததும் அப்படித்தான்: 2019-இல் விற்கப்பட்டது ஒரு சுயேச்சை லேபிள். எனவே சுயேச்சை என்ற சொல்லை நல்லெண்ணச் சான்றிதழாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது, சொந்த வெளியீடு. சிடி பேபி 1998-இலும், டியூன்கோர் 2006-இலும், டிஸ்ட்ரோகிட் 2013-இலும் வந்த பிறகு, ஸ்ட்ரீமிங் தளங்களுக்குப் பாடலை அனுப்புவது ஒரு மாலை நேர வேலையாகிவிட்டது. உரிமை முழுவதும் கலைஞரிடமே இருக்கும். சில சேவைகள் ஆண்டுச் சந்தா வாங்கிக்கொண்டு வருமானத்தைத் தொடுவதில்லை. சில ஒரே முறை கட்டணமும் வருமானத்தில் ஒரு பங்கும் எடுக்கின்றன. சந்தா முறையில் பணம் கட்டத் தவறினால் பாடல்கள் தளங்களிலிருந்து இறங்கிவிடக்கூடும் என்பதை, பாடலை ஏற்றி விட்டுப் பத்து ஆண்டுகள் மறந்துவிடும் இயல்புள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

15 சதவீதம் எடுக்கும் சேவை என்று வைத்து அதே கணக்கைப் போடுவோம். வருமானம் 40 லட்சம் என்றால் கைக்கு வருவது 34. சொந்தச் செலவு 11 போக 23 லட்சம். வருமானம் 5 லட்சம்தான் என்றால் கைக்கு வருவது நாலேகால். நஷ்டம் ஆறே முக்கால் லட்சம், அதுவும் கலைஞரின் சொந்தப் பணம். சுமார் 13 லட்சத்தில் போட்ட முதல் திரும்பும். கவனிக்க வேண்டியது இதுதான்: பெரிய லேபிள் வழியாக 60 லட்சம் ஈட்டும் வரை கலைஞர் கையில் நிற்பது 6 லட்சம். தானே வெளியிட்டு அதே 6 லட்சத்தைப் பெற 20 லட்சம் ஈட்டினால் போதும். லேபிள் உங்கள் வருமானத்தை மூன்று மடங்காக உயர்த்தினாலும் கையில் நிற்கும் தொகை மாறாமல் இருக்கக்கூடும். மேடை நிகழ்ச்சிகளின் வருவாயும், லேபிள் தரும் புகழின் மதிப்பும் இந்தக் கணக்கில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மேடையே முதன்மை வருவாயாக உள்ளவர்களுக்கு அந்தப் புகழ் ராயல்டியைவிடப் பெரியதாக இருக்கலாம். ஆனால் மேடை, பொருள் விற்பனை, விளம்பரத் தூதர் வருமானம் ஆகியவற்றிலும் பங்கு கேட்கும் ‘360 பாகை’ ஒப்பந்தமாக இருந்தால் அந்த ஆறுதலும் தேய்ந்துவிடும்.

சொந்த வெளியீட்டின் உண்மையான செலவு பணத்தில் தெரியாது. அது வேலையில் இருக்கிறது. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற 12 எழுத்து அடையாள எண் உண்டு. ஒரு சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் கலைஞர், பழைய எண்ணைப் பதிவிடாமல் புதிய எண்ணை வாங்கிவிட்டால், தளங்கள் அதைப் புதுப் பாடல் என்றே எடுத்துக்கொள்ளும். பல ஆண்டுகளாகச் சேர்ந்த கேட்பு எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பிளேலிஸ்ட்டுகளில் இருந்த இடங்களும் வெறுமையாகும். என் நண்பர் ஒருவருக்கு இப்படி நேர்ந்தபோது, அதைச் சரிசெய்ய அவர் எழுதிய மின்னஞ்சல்களின் எண்ணிக்கை ஆல்பத்தின் பாடல்களைவிட அதிகம். வாத்தியக்காரர்களோடும் இணைந்து எழுதியவர்களோடும் பங்குகளை எழுத்தில் பிரித்துக்கொள்வது, வெளியீட்டுக்கு முன்பே தளங்களின் பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு விண்ணப்பிப்பது, வசூல் சங்கங்களில் பதிவது என்று லேபிளில் நான்கு மேசைகள் செய்யும் வேலை ஒரே மேசைக்கு வருகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஒலிப்பதிவு ராயல்டி கிடையாது. நூறு சதவீதம் கைக்கு என்ற வாசகத்துக்கு, நூறு சதவீதம் எதில் என்று கேட்கவேண்டிய இடம் அது.

நான்காவது வழி இவற்றின் நடுவே நிற்கிறது. உரிமையைக் கலைஞரே வைத்துக்கொண்டு, விளம்பரம், விநியோகம், வானொலித் தொடர்பு ஆகியவற்றை ஒரு நிறுவனத்திடம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பங்கு அடிப்படையில் ஒப்படைப்பதே லேபிள் சேவை. அமெரிக்க ராப் இணையரான மேக்கில்மோர், ரயன் லூயிஸ் இருவரும் 2012-இல் தங்கள் ஆல்பத்தைத் தாங்களே வெளியிட்டு, விநியோகத்துக்கு வார்னரின் ஏ.டி.ஏ. பிரிவை அமர்த்திக்கொண்டார்கள், ‘லேபிள் இல்லாமல் வென்றவர்கள்’ என்ற பட்டத்தின் அடிக்குறிப்பு அது. ரே தேர்ந்தெடுத்த விநியோக நிறுவனமும் சோனிக்குச் சொந்தமான ஆர்ச்சர்டைச் சேர்ந்தது. இத்துறையில் முன்னோடியான ஏவால் நிறுவனத்தையும் 2021-இல் சோனி வாங்கியது. பெரிய லேபிளின் முன்வாசலில் போகாதவர்கள் பக்கவாசலில் அங்கேயே வந்துசேர்வதைப் பார்த்துச் சிலர் நகைக்கிறார்கள். எனக்கு அதில் குறை தெரியவில்லை. அதே ஆள்பலத்தை உரிமையை எழுதிக்கொடுக்காமல் பெற முடிகிறது என்பதே பெரிய மாற்றம். குறை வேறிடத்தில் இருக்கிறது: ஏற்கெனவே ஓரளவு கேட்பவர்களைச் சேர்த்தவர்களைத்தான் இந்த நிறுவனங்கள் ஏற்கின்றன. முதல் பாடலோடு வருபவருக்கு இந்த வழி பெரும்பாலும் மூடியே இருக்கும்.

ஆகவே கேட்பவர்கள் இன்னும் சேராத ஒருவர் முதல் சில பாடல்களைச் சிறு செலவில் தாமே வெளியிடுவதுதான் சரி என்பது என் கருத்து. அப்போது இழப்பதற்கும் அதிகம் இல்லை, கற்றுக்கொள்வதற்கு நிறைய இருக்கிறது. கேட்பவர்கள் சேர்ந்து, வேலை கைமீறும்போது, சுயேச்சை லேபிளிடமோ லேபிள் சேவையிடமோ போகலாம். உரிமையை விற்காமல் ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு உரிமம் மட்டும் தரலாம். பல நாடுகளின் வெகுசன வானொலியைக் குறிவைத்த இசை, பெரும் முதலீடு இல்லாமல் வெளிவரவே முடியாத தயாரிப்பு, கையில் சேமிப்பே இல்லாத நிலை ஆகியவற்றில் பெரிய லேபிளை மறுப்பது வீண் பிடிவாதம். அங்கும் பேரம் உண்டு: 2018-இல் யுனிவர்சலுக்கு மாறிய ஸ்விஃப்ட் அதன் பின் பதிவு செய்யும் பாடல்களின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். எல்லோருக்கும் அது கிடைக்காது. ஆனால் கேட்காதவருக்கு நிச்சயமாகக் கிடைக்காது.

எந்த வழியானாலும் ராயல்டி விகிதத்துக்கு முன் பேச வேண்டியவை சில உண்டு. ஒலிப்பதிவு எந்த ஆண்டில் கலைஞரிடம் திரும்பும், ஒப்படைத்த எத்தனை மாதங்களுக்குள் வெளியிட்டாக வேண்டும், தவறினால் என்ன, உங்களை அழைத்துவந்த அதிகாரி வேலையை விட்டுப் போனால் நீங்களும் விலகலாமா, ஒரு ஆல்பத்தின் பாக்கியை இன்னொரு ஆல்பத்தின் வருமானத்தில் கழிக்கலாமா என்பவை அவை. கணக்கைத் தணிக்கை செய்யும் உரிமை எத்தனை ஆண்டுகளுக்கு என்பதும் முக்கியம். பல ஒப்பந்தங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் ஆட்சேபிக்காவிட்டால் தாளில் உள்ளதே இறுதி. வழக்கறிஞர் லேபிள் பரிந்துரைத்தவராக இருக்கக் கூடாது.

கையெழுத்துக்கு முன் நான் நண்பர்களிடம் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. ஒரு கற்பனை வருமானத்தைச் சொல்லி, அதற்கு முதல் அரையாண்டுக் கணக்குத் தாள் எப்படி இருக்கும் என்று எழுதித் தரும்படி லேபிளிடமே கேட்க வேண்டும். எந்தச் செலவு எந்தக் கட்டத்தில் வரும், எது யார் பெயரில் பற்றாகும் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அப்படிக் கேட்ட ஒருவருக்கு, அதுவரை எவரும் பேச்சில் குறிப்பிடாத ‘நிர்வாகக் கட்டணம்’ என்ற வரி அந்தத் தாளில்தான் முதன்முதலாகக் கண்ணில் பட்டது. மறுவாரம் வந்த திருத்திய வரைவில் அது இல்லை.